சோற்றுக்குப் பின் ஒரு நடை

நீரிழிவுக்கு மருத்துவம் பெற்று வருவோரின் மருந்துச் சீட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மெட்ஃபார்மின் எத்தனை மில்லிகிராம், காலையிலா இரவிலா, உணவுக்கு முன்பா பின்பா, எத்தனை நாளைக்கு என்பன தெளிவாக எழுதப்பட்டிருக்கும். அதே சீட்டின் அடியில், இடம் மிஞ்சியிருந்தால், 'நடைப்பயிற்சி' என்று ஒற்றைச் சொல் இருக்கும். பல சீட்டுகளில் அதுவும் இராது; வாய்மொழியாகச் சொல்லி அனுப்பியிருப்பார்கள். எவ்வளவு நேரம், எந்த வேளையில், என்ன வேகத்தில், வாரத்தில் எத்தனை நாள் என்ற கேள்விகளுக்கு அதில் விடை கிடையாது. அளவும் வேளையும் குறிக்காமல் ஒரு மாத்திரையை எழுதிக் கொடுத்தால் மருந்துக் கடைக்காரரே சீட்டைத் திருப்பி அனுப்பிவிடுவார். உடற்பயிற்சியை மட்டும் அவ்வாறு சொல்லவும் கேட்கவும் மருத்துவர்களாகிய நாங்களும் நோயாளிகளாகிய நீங்களும் பழகிவிட்டோம்.

இதனால் நேரும் நட்டம் சிறிதன்று. பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு தொகுப்பாய்வை வெளியிட்டனர். இரண்டாம் வகை நீரிழிவு உடையோரிடம் நடத்தப்பெற்ற 47 ஆய்வுகளை அவர்கள் ஒன்றுசேர்த்து நோக்கினர். அவற்றில் பங்கேற்ற நோயாளிகள் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோர். நேரமும் அளவும் வகுத்துப் பயிற்சி செய்தோருக்கு, ஏறத்தாழ மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. அளவு 0.67 புள்ளி குறைந்திருந்தது. வாரத்துக்கு 150 நிமிடங்களுக்கு மேல் செய்தோருக்கு 0.89 புள்ளி குறைந்தது. சில மாத்திரைகள் தரும் பயனுக்கு இது நிகரானது. ஆனால், 'பயிற்சி செய்யுங்கள்' என்ற அறிவுரையை மட்டும் பெற்றவர்களிடம், உணவுக் கட்டுப்பாடும் கூடச் சேர்ந்தால் ஒழிய, குறிப்பிடத்தக்க குறைவு எதுவும் தென்படவில்லை. நடக்கச் சொன்னதாலேயே எவருக்கும் சர்க்கரை குறைந்துவிடவில்லை என்பதே இதன் பொருள்.

ஆகவே, காவிரிப் படுகையில் வாழும் நமக்கு அந்த அளவும் வேளையும் எவையாக இருக்க வேண்டும் என்பதைப் பற்றி என் கருத்தை இங்கே எழுத விரும்புகிறேன். சுருங்கக் கூறின், சோறும் அரிசிப் பலகாரமும் உண்ணும் ஒவ்வொரு வேளைக்குப் பின்னும், அதிலும் இரவு உணவுக்குப் பின் தவறாமல், பத்து முதல் பதினைந்து நிமிடம் நடக்க வேண்டும். அதற்கு வீட்டிலுள்ள பெண்களுக்கும் வழிவிட வேண்டும். அதிகாலையில் விளையாட்டரங்கைச் சுற்றி வருவோரை நான் குறை கூறவில்லை. அது நல்ல பழக்கமே. ஆயினும் நம் வட்டாரத்தின் சிக்கல் பெரும்பாலும் சோற்றுத் தட்டுக்குப் பின்னால் வரும் இரண்டு மணி நேரத்தில் இருக்கிறது.

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பகுதிகளில் சோறு என்பது ஒரு வேளைக் கறிக்குத் துணையாக வருவதன்று. இலையில் முதலில் குழம்புக்கு ஒரு சுற்று, பிறகு ரசத்துக்கு ஒரு சுற்று, இறுதியில் மோருக்கு ஒரு சுற்று என மூன்று முறை சோறு விழும். காலையும் இரவும் உண்ணும் இட்லி, தோசை, இடியாப்பம் ஆகியனவும் அரிசியே. வெந்த சோறு நூறு கிராமில் ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்து உண்டு. மூன்று சுற்றுச் சோற்றை 400 கிராம் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் நூறு கிராமுக்கு மேற்பட்ட மாவுச்சத்து ஒரே வேளையில் குருதிக்குள் இறங்குகிறது. 21 நாடுகளில் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த 'ப்யூர்' ஆய்வின் வெள்ளையரிசி பற்றிய அறிக்கை 2020இல் வெளிவந்தது. நாளொன்றுக்கு 450 கிராமுக்கு மேல் சோறு உண்போருக்கு, 150 கிராமுக்குக் குறைவாக உண்போரைவிட நீரிழிவு வரும் வாய்ப்பு கூடுதல் என அது கண்டது. அந்தக் கூடுதல் தெற்காசியாவில்தான் மிகுதி. இங்கு அது 61 விழுக்காடு.

இதே சோற்றை நம் பாட்டன்மாரும் உண்டனரே, அவர்களுக்கு ஏன் இந்நோய் இவ்வளவு இல்லை என்று கேட்பவர்கள் உண்டு. நீரிழிவு அன்றும் இருந்தது. சரசுவதி மகால் நூலகம் பதிப்பித்த சரபேந்திர வைத்திய முறைகள் வரிசையில் நீரிழிவு மருத்துவத்துக்கென்றே ஒரு நூல் உள்ளது. இரண்டாம் சரபோசி மன்னர் காலத்திலேயே இந்நோய் தஞ்சை வைத்தியர்களின் கவனத்தைப் பெற்றிருந்தது. ஆனால், அன்று பெரும்பான்மையோருக்குச் சோறு வயிற்றில் விழுந்த கையோடு அதனை எரிக்கும் வேலை வயலில் காத்திருந்தது. வழக்கமாக ஜூன் 12ஆம் நாள் மேட்டூர் அணை திறந்து, கல்லணையில் தண்ணீர் பிரிந்து வாய்க்கால்களில் ஓடத் தொடங்கினால், குறுவைக்கும் பின்னர் சம்பாவுக்கும் தாளடிக்குமாக மாதக் கணக்கில் உழைப்பு இருந்தது. உழவு, அண்டை வெட்டுதல், நாற்றுப் பறித்தல், முடி சுமந்து கொண்டுபோய்ப் போடுதல், குனிந்த முதுகோடு நடவு, களையெடுப்பு, அறுப்பு, கட்டுச் சுமந்து களத்துமேட்டுக்கு நடத்தல், அடித்தல், தூற்றல் என ஒரு மாகாணி நிலத்துக்குக்கூட எத்தனை ஆள் உழைப்பு தேவைப்பட்டது என்பதை அறுபது வயதைக் கடந்த எவரும் சொல்வர். சேற்றில் ஓரடி எடுத்து வைப்பது தார்ச்சாலையில் பல அடி நடப்பதற்கு ஒப்பான வேலை.

இன்று உழவுக்கு டிராக்டர், நடவுக்கு இயந்திரம், அல்லது நேரடி விதைப்பு, களைக்கு மருந்து, அறுப்புக்கும் அடிப்புக்கும் ஒரே வண்டி. ஒரு நாளில் முடிய வேண்டிய அறுவடை ஒரு மணி நேரத்தில் முடிந்து நெல் நேராக லாரியில் ஏறுகிறது. இவை வந்ததற்காக வருந்துபவன் நான் அல்லன். குனிந்து குனிந்து இடுப்பு ஒடிந்த பெண்களைப் பார்த்தவன் எவனும் பழைய நடவைத் திரும்பக் கேட்க மாட்டான். நான் சொல்வது ஒன்றே: வயல் வேலை போய்விட்டது, இலையில் விழும் மூன்று சுற்று போகவில்லை. வரப்பில் நடந்து போனவர் இப்போது மொபெட்டில் போய் வயலைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். 'நான் விவசாயி, எனக்கு எதற்குத் தனியாக உடற்பயிற்சி?' என்று அவரே கேட்கும்போது, ஆண்டில் எத்தனை நாள் அவர் உண்மையில் வியர்க்க உழைக்கிறார் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

இது நெல்வயலோடு நிற்பதுமில்லை. நம் வட்டாரத்தின் புகழ்பெற்ற கைத்தொழில்களுள் பல உட்கார்ந்து செய்வன. திருபுவனத்துப் பட்டு நெசவு, சுவாமிமலையில் மெழுகு பிடித்துச் சிலை செய்தல், தஞ்சாவூர்த் தட்டு, வீணை செய்தல், ஓவியம், கும்பகோணத்துப் பாத்திரக் கடைகளின் கல்லா எதை எடுத்தாலும் நாள் முழுதும் ஒரே இருப்பு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இண்டியாப் ஆய்வு தமிழ்நாடு உட்பட நான்கு இடங்களில் எடுத்த கணக்கில், 54 விழுக்காட்டினர் போதிய உடலியக்கம் இல்லாதோர் எனத் தெரிந்தது. ஓய்வு நேரத்தில் விளையாட்டோ பயிற்சியோ செய்வோர் பத்தில் ஒருவர்கூட இல்லை. அதே ஆய்வு 2023இல் வெளியிட்ட அறிக்கைப்படி தமிழ்நாட்டில் வயது வந்தோருள் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது. ஏழு பேரில் ஒருவர். ஒரு பந்தியில் இருபது பேர் உட்கார்ந்தால் மூன்று பேர்.

நடை எவ்வாறு வேலை செய்கிறது என்பதைப் பாசனம் அறிந்த நம்மவர்க்கு விளக்குவது எளிது. உண்ட உணவின் சர்க்கரை வாய்க்காலில் வரும் நீர்போலக் குருதியில் வருகிறது. அது தசை என்னும் வயலுக்குள் பாய வேண்டுமானால் மடை திறக்க வேண்டும். அந்த மடையைத் திறப்பது இன்சுலின். இரண்டாம் வகை நீரிழிவில் இன்சுலின் போதாது, அல்லது இருந்தும் மடை இறுகிப்போயிருக்கும். ஆகவே வாய்க்கால் நிரம்பி வழிகிறது. ஆனால் தசைக்கு வேறொரு மடையும் உண்டு. தசை சுருங்கி விரியும்போது, இன்சுலினை எதிர்பாராமலே அது திறந்துகொள்கிறது. நடக்கும்போது தொடையும் கெண்டைக்காலும் செய்வது அதுவே. நடந்து முடித்த பின்னும், ஒரு நாள் முதல் இரண்டு நாள் வரை, முதல் மடையும் சற்று எளிதாகத் திறக்கிறது. இதனால்தான் தொடர்ந்து இரண்டு நாட்களுக்கு மேல் பயிற்சியை விடக் கூடாது என்று மருத்துவ வழிகாட்டிகள் கூறுகின்றன. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஐந்து கிலோமீட்டர் நடந்துவிட்டு வாரம் முழுதும் இருப்பவருக்குப் புதன்கிழமைக்குள் அந்தப் பயன் தீர்ந்துவிடும்.

வாய்க்காலில் நீர் பெருகி வரும் நேரத்தில் மடையைத் திறப்பதுதானே முறை? உண்டபின் ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை மணி நேரத்தில் சர்க்கரை உச்சத்தைத் தொடுகிறது. அதற்கு முன்பே கால்கள் இயங்கத் தொடங்கியிருக்க வேண்டும். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார் இதனை நேரடியாகச் சோதித்து 2016இல் வெளியிட்டனர். இரண்டாம் வகை நீரிழிவு உடைய 41 பேரை இரு முறைகளில் நடக்கச் செய்தனர். ஒரு முறையில் நாளில் எந்த நேரத்திலாவது 30 நிமிட நடை. மற்றொரு முறையில் மூன்று உணவுக்கும் பின் பத்துப் பத்து நிமிட நடை. மொத்த நேரம் ஒன்றே. ஆயினும் உணவுக்குப் பின் நடந்த நாட்களில் உணவுக்குப் பிந்தைய சர்க்கரையின் ஏற்றம் சராசரியாக 12 விழுக்காடு குறைந்தது. இரவு உணவுக்குப் பின் அது 22 விழுக்காடு. இரவு உணவில்தான் அவர்கள் மாவுச்சத்தை மிகுதியாக உண்டனர். உண்டபின் அசைவும் குறைவு. அவர்கள் உண்டது நம் சோறன்று, உருளைக்கிழங்கும் ரொட்டியும். எனினும் இரவில் வயிறு நிறைய உண்டு, உடனே தொலைக்காட்சியின் முன் சாயும் வழக்கத்தில் அவர்களுக்கும் நமக்கும் பெரிய வேற்றுமை இல்லை.

உண்ட களைப்பு தொண்டனுக்கும் உண்டு என்பது நம்மூர்ப் பழமொழி. அது பொய்யன்று. வெயிலில் உழுதுவிட்டு வந்தவனுக்கு நண்பகல் உறக்கம் உரிமை. விடியலிலிருந்து உட்கார்ந்தே இருந்தவருக்கு அந்தப் பழமொழி பொருந்துமா என்பதே என் ஐயம். சித்த மருத்துவ மரபிலும் உண்டபின் சிறிது நடக்கும்படி அறிவுரை உண்டு. ஆனால் தொண்டனின் களைப்பை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டோம்.

இனிப் பெண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலையிலும் மாலையிலும் அன்னை சத்யா விளையாட்டரங்கிலும் புதாற்றங்கரையிலும் நடப்போரில் பெண்கள் இல்லாமல் இல்லை. ஆனால் ஆண்களே மிகுதி, அதிலும் ஓய்வு பெற்றவர்கள். நீரிழிவோ பெண்களை விட்டுவைக்கவில்லை. நாற்பதைக் கடந்த ஓர் இல்லத்தரசியின் இரவைப் பாருங்கள். மற்றவர்களுக்குப் பரிமாறி முடித்து, ஒன்பதரைக்கு மேல் தனியே அமர்ந்து, மீந்த குழம்பும் மீந்த சோறும் வீணாகக் கூடாதே என்று அனைத்தையும் வழித்து உண்கிறார். பிறகு பாத்திரம் துலக்கி, மறுநாளுக்கு மாவு எடுத்து வைத்து, பத்தரைக்குப் படுக்கிறார். 'நாள் முழுதும் ஓயாமல் நிற்கிறேனே, இதற்கு மேல் என்ன பயிற்சி?' என்று அவர் கேட்டால், அது நியாயமான கேள்வி. நிற்பதும் பாத்திரம் துலக்குவதும் படுத்திருப்பதைவிட நல்லவையே. ஆஸ்திரேலியாவில் 2012இல் வெளியான ஓர் ஆய்வில், தொடர்ந்து உட்கார்ந்திருந்தோர் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் மெல்ல நடந்ததற்கே உணவுக்குப் பிந்தைய சர்க்கரையின் ஏற்றம் ஏறத்தாழ 24 விழுக்காடு குறைந்தது. ஆகவே அடுப்படி அசைவை அலட்சியமாகப் பேச மாட்டேன். ஆனால், அதே இடத்தில் நின்று செய்யும் வேலையில் பெருந்தசைகளான தொடைகளுக்கு வேலை குறைவு, மூச்சும் வேகமெடுப்பதில்லை.

இதற்கு அவரிடம் அறிவுரை கூறிப் பயனில்லை. கூற வேண்டியது வீட்டிலுள்ள மற்றவர்களிடம். இரவு உணவை எட்டு மணிக்கு அனைவரும் ஒன்றாக அமர்ந்து உண்ண முடியும். உண்டபின் பாத்திரத்தை மகனோ கணவரோ துலக்கினால் அவருக்குப் பதினைந்து நிமிடம் கிடைக்கும். இருட்டில் தெருவில் தனியே நடக்கத் தயங்குவோர் உண்டு. அது வீண் அச்சம் என்று நான் சொல்ல மாட்டேன். அண்டை வீட்டுப் பெண்கள் மூவர் சேர்ந்தால் அத்தெரு அவர்களுடையதாகிவிடும். அதுவும் இயலாதெனில் மொட்டை மாடி, முற்றம், கூடத்திலிருந்து கொல்லைப்புறம் வரை நீளும் வீட்டு நடை ஆகியன போதும். நம் பழைய வீடுகள் தெருவிலிருந்து கொல்லை வரை ரயில் பெட்டிபோல் நீண்டு கிடப்பது இதற்காவது உதவட்டும். மாத்திரை வாங்க மாதம் பணம் ஒதுக்கும் குடும்பம், நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்க இயலாது என்று சொன்னால் அதை நான் ஏற்பதற்கில்லை.

வேகம் எவ்வளவு? பக்கத்தில் வருபவரோடு பேச இயல வேண்டும், பாட இயலக் கூடாது. அவ்வளவே. முழங்கால் வலி உள்ளோர் நாற்காலியில் அமர்ந்தபடியே கால்களை மாறி மாறி நீட்டி மடக்கலாம். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்கலாம். கையூன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து அமர்வது தொடைகளுக்குச் சிறந்த வலுப்பயிற்சி. வாரத்தில் இரண்டு மூன்று நாட்களாவது அதனைச் செய்தல் வேண்டும். 'நான் ஒல்லியாகத்தானே இருக்கிறேன்' என்போர் இதனைக் கூர்ந்து கேட்க வேண்டும். இந்தியர்களில் பலருக்குக் கை கால் மெலிந்தும் வயிற்றில் கொழுப்புச் சேர்ந்தும் இருக்கும். சர்க்கரையை வாங்கிக்கொள்ளும் தசை இயல்பிலேயே குறைவு. எடை இயந்திரம் இதனைக் காட்டுவதில்லை.

இவையெல்லாம் வெளிநாட்டார்க்குச் சரி, நமக்கு எடுபடுமா என்று ஐயுறுவோர்க்குச் சென்னையிலேயே விடை உண்டு. மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தின் முடிவுகள் 2006இல் வெளிவந்தன. நீரிழிவின் விளிம்பில் நின்ற 531 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்தனர். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்ட குழுவில் மூன்றாண்டுகளில் 55 விழுக்காட்டினர் நீரிழிவுக்கு ஆளாயினர். நாளும் அரை மணி நேர நடையும் உணவு மாற்றமும் பின்பற்றிய குழுவில் அது 39.3 விழுக்காடு. மெட்ஃபார்மின் உண்ட குழுவில் 40.5. இரண்டையும் சேர்த்துச் செய்த குழுவில் 39.5. நடையும் உணவும் மாத்திரைக்குத் தோற்கவில்லை. நோய் ஏற்கெனவே வந்துவிட்டவர் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தக் கூடாது. இது நோய் வருவதற்கு முந்தைய நிலையில் உள்ளோரிடம் கண்டது. அவர் வீட்டிலுள்ள மக்களுக்கும் உடன்பிறந்தாருக்கும் இது நேரடியாகப் பொருந்தும்.

இன்னொன்று திருமங்கலத்து ஏசியாட் காலனியின் கதை. மருத்துவர் வி. மோகன் குழுவினர் 1990களின் பிற்பகுதியில் சென்னையின் இரு குடியிருப்புகளில் நீரிழிவுக் கணக்கெடுத்தனர். ஒன்று நடுத்தர வருவாயினரின் ஏசியாட் காலனி, மற்றொன்று தியாகராய நகரில் வறியோர் வாழும் பகுதி. கணக்கைக் கண்ட காலனிவாசிகள் தாங்களே பணம் திரட்டிக் குடியிருப்புக்குள் ஒரு பூங்கா அமைத்துக்கொண்டனர். தொடக்கத்தில் வாரம் மூன்று நாளுக்கு மேல் பயிற்சி செய்தோர் 14 விழுக்காடு; பின்னர் எடுத்த கணக்கில் அது 58 விழுக்காட்டைத் தாண்டியது. பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது காலனியில் நீரிழிவு 12.4 விழுக்காட்டிலிருந்து 15.4 ஆகியிருந்தது. வறியோர் பகுதியில் 6.5 விழுக்காட்டிலிருந்து 15.3 ஆகியிருந்தது. இந்த வேற்றுமை முழுவதும் பூங்காவால் விளைந்தது என்று எவரும் கூற இயலாது. ஆயினும் நோய் இப்போது எத்திசையில் விரைகிறது என்பது இதிலிருந்து தெரிகிறது. நடக்க இடமும் நேரமும் இல்லாதவரை நோக்கியே அது விரைகிறது.

தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்ற திட்டத்தைத் தொடங்கி மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதை குறித்தது. வரவேற்கத்தக்கதே. ஆனால் மாவட்டத்துக்கு ஒரு பாதை என்றால் பேராவூரணியிலோ ஒரத்தநாட்டிலோ உள்ளவருக்கு அதனால் ஆவதென்ன? உண்டு முடித்த பத்து நிமிடத்தில் கால் வைக்கக்கூடிய இடம் வேண்டும். நம் ஊர்களில் அப்படிப்பட்ட இடங்கள் ஏற்கெனவே உள்ளன: கோயில் குளக்கரை, தேரோடும் நான்கு வீதிகள், வாய்க்கால் கரைச் சாலை. அவற்றில் ஊராட்சியும் பேரூராட்சியும் இரண்டு விளக்குகளை எரியவிட்டு, கருவை மண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும், கோடிகள் தேவையில்லை. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் தன்னார்வலப் பெண்கள் வீடுதோறும் மாத்திரை கொண்டுவருகின்றனர். மாத்திரையைக் கொடுக்கும்போதே, 'நேற்றிரவு உண்டபின் நடந்தீர்களா?' என்ற கேள்வியையும் அவர்கள் கேட்கும்படி செய்தால், செலவின்றிப் பெரும்பயன் விளையும் என்பது என் நம்பிக்கை.

தொடங்குமுன் சிலவற்றைக் கவனித்தாக வேண்டும். இதை அவசரமாகத் தாண்டிப் படிக்க வேண்டாம். இன்சுலின் போட்டுக்கொள்வோரும், கிளிமெபிரைடு, கிளிகிளசைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை உண்போரும் நடக்கும்போதோ அதற்குப் பின்போ சர்க்கரை மிகத் தாழ்ந்துபோகும் வாய்ப்பு உண்டு. கை நடுக்கம், திடீர் வியர்வை, படபடப்பு, கடும் பசி, பேச்சுக் குழறல் ஆகியன அதன் அறிகுறிகள். உடனே நின்று, மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் குடித்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி சோதியுங்கள். வெறும் வயிற்றில் நீண்ட நடை போவோர்க்கு இந்த இடர் மிகுதி. உணவுக்குப் பின் நடப்பதில் குறைவு. நடக்கத் தொடங்குமுன் அளவு 90க்குக் கீழே இருந்தால் இவர்கள் சிறிது உண்ட பிறகே புறப்பட வேண்டும். தொடையில் இன்சுலின் போட்ட கையோடு நடந்தால் அது விரைந்து உறிஞ்சப்படும். வயிற்றில் போட்டுக்கொள்வது நன்று. முதல் வகை நீரிழிவு உடையோர் அளவு 250க்கு மேல் இருந்து சிறுநீரில் கீட்டோனும் காணப்பட்டால் அன்று பயிற்சி செய்யவே கூடாது. நடக்கையில் மார்பில் இறுக்கமோ, இடக்கை அல்லது தாடை வலியோ, வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறலோ வந்தால் அது களைப்பு என்று எண்ணி வீட்டில் படுத்துவிடாதீர்கள், மருத்துவமனைக்கு வாருங்கள். விழித்திரையில் குருதிக் கசிவு உள்ளோர் பளு தூக்குவதையும் தலைகீழ் ஆசனங்களையும் தவிர்க்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாகப் பாதம். உணர்ச்சி குன்றிய பாதத்தில் ஒரு முள் குத்தினாலும் தெரியாது. மூன்றாம் நாள் சீழ் வைத்த பிறகே தெரியும். பெரிய கோயில் வெளித் தளத்தில் நண்பகல் வெயிலில் வெறுங்காலோடு சுற்றி, கொப்புளத்தோடு வருவோரை ஒவ்வொரு கோடையிலும் காண்கிறோம். இறைவனை வெயில் தாழ்ந்த பின்னும் வணங்கலாம். சென்றே ஆக வேண்டுமெனில் கனத்த காலுறை அணியுங்கள். வயல் வரப்பில் வெறுங்காலோடு நடப்பது வேண்டாம். எம்.சி.ஆர். செருப்போ, பின்பட்டை உள்ள காலணியோ அணிந்து, திரும்பியதும் விளக்கு வெளிச்சத்தில் விரலிடுக்கு வரை பார்த்துவிட வேண்டும். கண் மங்கியவருக்கு வீட்டுப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம். கத்திரி வெயில் நாட்களில் பகல் நடையை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் அவ்வாறே. இரவில் கரையோரம் நடப்போர் கையில் டார்ச் விளக்கு இருக்கட்டும். மழைக்காலத்தில் பாம்புக்கும் அதுவே மேடு.

இவ்வளவும் படித்த பின்னும் நம்பிக்கை வராதவர்கள், குளூக்கோமீட்டர் வீட்டில் இருப்பின், தாமே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒரு நாள் இரவு வழக்கம்போல் உண்டுவிட்டு உட்கார்ந்திருங்கள். உண்ணத் தொடங்கியதிலிருந்து ஒன்றரை மணி நேரம் கழித்து அளவு பாருங்கள். மறுநாள் அதே நேரத்தில் அதே உணவை அதே அளவில் உண்டு, கால் மணி நேரத்துக்குள் எழுந்து பதினைந்து நிமிடம் நடங்கள். மீண்டும் அதே நேரத்தில் அளவு பாருங்கள். மாத்திரையில் எந்த மாற்றமும் வேண்டாம். ஒரு முறை பார்த்ததை வைத்து முடிவு செய்யாமல் இரண்டு மூன்று முறை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். அந்த எண்களைக் குறிப்பேட்டில் தேதியோடு எழுதி, அடுத்த முறை வரும்போது கொண்டுவாருங்கள். மருத்துவர் மருந்தெழுதி முடித்துச் சீட்டை நீட்டும்போது, அதன் கீழே நடைக்கு உரிய நிமிடத்தையும் வேளையையும் எழுதித் தருமாறு கேளுங்கள்.